அப்பாவின் கேஈ 70ஐ 'லோ' பண்ணலாமா?

வாசகர் கேள்வி:

அண்ணா, எனக்கு 27 வயது. வீடு திருகோணமலை உப்புவெளியில், வேலை நிலாவெளியில் ஒரு ஹோட்டலில். அப்பா விட்டுப்போன 1982ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா கேஈ 70 இப்போது என் கையில் இருக்கிறது. எஞ்சின் நல்லது. ஆனால் பெயின்ட் மங்கி, பார்க்கக் களையில்லாமல் நிற்கிறது. முன்னும் பின்னும் ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டி இறக்கி, 17 அங்குல அலோய் ரிம், பொடி கிட், வெள்ளை எச்ஐடி லைட், பெரிய சைலன்சர் எல்லாம் போட நினைத்திருக்கிறேன். மூன்றரை இலட்சம் ரூபா சேர்த்து வைத்திருக்கிறேன். வண்டியை இறக்கினால் வளைவில் ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். மாதம் ஒருமுறை கண்டிக்கு கிளினிக் கூட்டிப்போகிறேன், இடைக்கிடை மட்டக்களப்பில் அக்கா வீட்டுக்கும் போவோம். அம்மா ஒன்றும் செய்யவேண்டாம் என்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். வண்டியை அழகாக்க நினைப்பதில் ஒரு பிழையும் இல்லை. அப்பா வைத்திருந்த வண்டியை வீட்டு முற்றத்தில் துருப்பிடிக்க விடாமல், அதற்கென்று காசு சேர்த்து, ஊரார் திரும்பிப் பார்க்கிறமாதிரி ஓட்டவேண்டும் என்று நினைக்கிறீர்கள். நல்ல ஆசை. ஒன்றும் செய்யவேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பதில்தான் உங்களோடு மாறுபடுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. 1979இல் வந்த நான்காம் தலைமுறைக் கொரோலா அது. முழு வரிசையும் பின்சக்கர உந்துதலோடு வந்த கடைசிக் கொரோலாவும் அதுதான். 1983இல் அடுத்த தலைமுறை வந்தபோது பெரும்பாலான வகைகள் முன்சக்கர உந்துதலுக்குப் போய்விட்டன. உங்களுடையதில் இருப்பது 4கே எஞ்சின், 1290 சிசி. ஒரு தொன்னுக்கும் குறைந்த எடை. முன்னுக்கு ஸ்பிரிங்கும் சொக் அப்சோபரும் ஒன்றாகச் சேர்ந்த மக்பேர்சன் ஸ்ட்ரட், பின்னுக்கு நேரான ஒரே அச்சு. அந்த அச்சை நாலு லிங்க்கும் குறுக்கே ஒரு லேட்டரல் ரொட்டும் பிடித்திருக்கின்றன, மேலே கொயில் ஸ்பிரிங். எளிமையான வேலைப்பாடு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலை உண்டு, உபரியாக எதுவும் இல்லை. அதனால்தான் ஒன்றை மாற்றினால் அடுத்தது உடனே பேசும்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. இறக்கினால் வளைவில் பிடிக்குமா?

உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. வண்டியின் எடை தரைக்குக் கிட்ட வந்தால், வளைவில் எடை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போவது குறையும். அது சரி. மற்றப் பாதியை அவர்கள் சொல்லவில்லை. ஸ்பிரிங்குக்குள் இருப்பது உயரம் மட்டுமில்லை, சக்கரம் மேலே ஏறி இறங்குவதற்கான இடமும் அதற்குள்தான் இருக்கிறது. நீங்கள் வெட்டி எறிவது அந்த இடத்தை.

ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம். வெறும் வண்டி நிற்கும்போது பின்சக்கரம் மேலே ஏறி பம்ப் ஸ்டொப்பர் என்கிற ரப்பர்த் துண்டில் முட்ட 80 மில்லிமீற்றர் இருக்கிறது. நாலு பேரும் பையும் ஏறினால் 30 போய்விடும். மீதி 50. நீங்கள் ஸ்பிரிங்கை வெட்டி 50 மில்லிமீற்றர் இறக்கினால், ஆட்கள் ஏறியதும் மீதி பூச்சியம். பிறகு வண்டி ஸ்பிரிங்கில் ஓடாது, அந்த ரப்பர்த் துண்டில் ஓடும். வெட்டிய ஸ்பிரிங் கொஞ்சம் இறுகும் என்பது உண்மைதான். எட்டுச் சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கில் இரண்டை எடுத்தால் மீதி ஆறும் முன்பைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இறுகி நிற்கும். ஆனால் இழந்த இடத்தை ஈடுசெய்ய அந்த இறுக்கம் போதாது. மாத்தளைப் பக்கம் ஒரு வளைவில் போகிறீர்கள், நடுவில் ஒரு சின்னப் பள்ளம் வருகிறது என்று வையுங்கள். சக்கரம் ஏற இடமில்லாமல் ஸ்டொப்பரில் அடிக்கும். அந்தக் கணத்தில் அந்த மூலை கல்லாகிவிடும். டயர் தரையை விட்டுக்கொடுக்கும். பின்சக்கரத்தில் இது நடந்தால் வால் வெளியே வரும். பின்சக்கர உந்துதல் வண்டியில், மழை ரோட்டில், பின் சீற்றில் அம்மா இருக்கும்போது.

முன்னுக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. கராஜுக்கு வருகிற பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட இது தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வண்டி வளைவில் சாயும்போது, கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியைச் சுற்றித்தான் சாய்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதை, சக்கரத்தை அடியில் பொடியோடு இணைக்கிற லோவர் ஆர்மின் சாய்வு தீர்மானிக்கிறது. டொயோட்டா வடிவமைத்த உயரத்தில் அந்த ஆர்ம் கிட்டத்தட்டச் சமமாக, அல்லது சக்கரப் பக்கம் சற்றுக் கீழே சரிந்து நிற்கும். வண்டியை நன்றாக இறக்கினால் சக்கரப் பக்கம் மேலே தூக்கி நிற்கும். அப்போது அந்தப் புள்ளி, நீங்கள் வண்டியை இறக்கிய அளவைவிடக் கூடுதலாகக் கீழே போய்விடும். எடைக்கும் அந்தப் புள்ளிக்கும் இடையிலான தூரம்தான் வண்டியைச் சாய்க்கிற நெம்புகோல். அது நீளமாகிறது. ஆக, தாழ்ந்த வண்டி தாழாத வண்டியைவிட அதிகமாகச் சாய்ந்துகொடுக்கப் பார்க்கும். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ரொட்டும் அதே மாதிரிச் சாய்ந்துவிடுவதால், ஒரு மேட்டில் ஏறினாலே நீங்கள் திருப்பாமல் சக்கரம் தானாகத் திரும்பும். ஸ்டியரிங் கையில் துள்ளுகிறது என்று சொல்லிக்கொண்டு வருபவர்களின் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தால், அநேகமாக இதுதான் இருக்கும்.

இதற்கு மருந்து உண்டு. ஸ்ட்ரட்டின் அடிக்கும் ஸ்டியரிங் ஆர்முக்கும் நடுவே ஒரு ஸ்பேசர் வைத்து ஆர்மைப் பழைய சாய்வுக்குக் கொண்டுவரலாம். கேஈ 70க்கு அப்படியான துண்டு கிடைக்கிறது. பின்னுக்கு லேட்டரல் ரொட் நீளத்தைச் சரிசெய்யக்கூடியதாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் இறக்கியதும் பின் அச்சு முழுவதும் ஒரு பக்கம் தள்ளி நிற்கும். ஒரு பக்க டயர் மட்டும் மட்கார்டில் உரசுவது அதனால்தான். இறக்குவது ஒரு வேலை, அதன் பின்விளைவுகளைச் சரிப்படுத்துவது மூன்று வேலை. முதலாவதை மட்டும் செய்து அனுப்புகிற கராஜ்கள்தான் அதிகம்.

வெட்டிய ஸ்பிரிங்கில் இன்னொரு ஆபத்து. உங்கள் வண்டியின் பின் ஸ்பிரிங் சொக் அப்சோபரோடு சேர்ந்ததல்ல, தனியாக அச்சுக்கும் பொடிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. வெட்டினால் நீளம் குறைகிறது. ஜக் போட்டுத் தூக்கும்போதோ, ஒரு மேட்டைத் தாண்டி அச்சு தொங்கும்போதோ, அது தன் இருக்கையிலிருந்து நழுவிவிடலாம். பிறகு எப்படி உட்காரும் என்று யாருக்கும் தெரியாது.

இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன், நான் வேலை பழகிய கராஜில், ஒரு பழைய காருக்கு என் கையாலேயே ஸ்பிரிங் வெட்டிக் கொடுத்தேன். உரிமையாளர் கேட்டார், பாஸ் சரி என்றார், செய்தேன். சில மாதங்களில் அவர்கள் ஐந்து பேராகக் கந்தளாயிலிருந்து இரவில் வரும்போது, ரோட்டில் படுத்திருந்த மாட்டுக்காக வெட்டித் திருப்பி பிரேக் பிடித்திருக்கிறார். பின்பக்கம் அடியில் முட்டி, வண்டி சுழன்று வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. அவருடைய மாமியாருக்குக் கை முறிந்தது. வண்டியைக் கட்டி இழுத்து வந்தபோது அந்த ஸ்பிரிங் இருக்கையில் இல்லை. அதற்குப் பிறகு நான் யாருக்கும் ஸ்பிரிங் வெட்டியதில்லை. வெட்டச் சொல்லி வருபவர்களை உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

சரி, ரிம்முக்கு வருவோம். உங்கள் வண்டியின் பழைய அளவு 155/80 ஆர் 13 (அகலம் 155 மில்லிமீற்றர், பக்கச்சுவர் அதில் 80 சதவீதம், ரிம் 13 அங்குலம்) என்று எடுத்துக்கொண்டால், டயரின் முழு விட்டம் 578 மில்லிமீற்றர். அதன் பக்கச்சுவர் உயரம் 124. இந்தப் பக்கச்சுவர்தான் குழியை முதலில் வாங்குகிறது, ஸ்பிரிங் இரண்டாவது. 17 அங்குல ரிம்முக்கு 205/40 போட்டால் விட்டம் 596க்குப் போகும், பக்கச்சுவர் 82க்கு இறங்கும். மீற்றர் 100 காட்டும்போது நீங்கள் 103இல் ஓடுவீர்கள், அது சின்ன விஷயம். பெரிய விஷயம், குழி நேரே ரிம்மில் அடிப்பது. கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை என்று மட்டக்களப்புக்குப் போகிற ரோட்டை யோசியுங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன் உங்கள் அப்பா அந்தத் துறையில் பாதைக்காக, அதாவது வண்டி ஏற்றுகிற மிதவைக்காகக் காத்து நின்றிருப்பார். இன்று அந்த ரோட்டில் வேகமாகப் போகலாம், வேகமாகப் போவதால்தான் மழைக்குப் பிறகு வருகிற ஒரு குழி ரிம்மை வளைத்துவிடுகிறது. அதோடு பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டிக்கு 205 அகலம் போட்டால், சந்தைக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்தத் திருப்பும்போது தோள் நோகும். சக்கரத்தின் எடை கூடக் கூட, சின்ன எஞ்சின் அதைச் சுழற்றவும், சொக் அப்சோபர் அதைத் தரையில் அமர்த்திவைக்கவும் திணறும்.

நான் என்றால் 14 அங்குல ரிம், 185/60. விட்டம் 578, கிட்டத்தட்ட அப்படியே. பக்கச்சுவர் 111. அகலம் போதும், மழையிலும் பிடிக்கும், மீற்றரும் பொய் சொல்லாது. போல்ட் துளை நாலு, அவற்றின் வட்டம் 114.3 மில்லிமீற்றர் என்பதைப் பார்த்து வாங்குங்கள். ரிம் எவ்வளவு உள்ளே, வெளியே தள்ளி நிற்கும் என்கிற ஒஃப்செட்டையும் சரியாகத் தேர்ந்தால் சக்கரம் மட்கார்டோடு சமமாக வந்து நிற்கும், சக்கரத்துக்குப் பின்னால் வைக்கிற ஸ்பேசர் தேவைப்படாது. ஸ்பேசர் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளினால் பேரிங்குக்கு நெம்பு கூடும், ஸ்டியரிங் ஒவ்வொரு குழிக்கும் இழுக்கும். டயர் மட்கார்டில் முட்டுகிறது என்று விளிம்பைச் சுத்தியலால் மடிக்கவும் வேண்டாம். மடிக்கிற இடத்தில் பெயின்ட் வெடிக்கும். எங்கள் ஊரில் வெடித்த பெயின்ட் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. ரிம்மைவிட டயரின் வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் நாலு இலக்கம் குத்தியிருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பூ, அதாவது தரையில் படுகிற வரிகள், நன்றாக இருக்கிறது என்று பத்து வருட டயரில் ஓடுகிற பழைய கார்கள் எத்தனையோ வருகின்றன. வெயிலில் நின்று ரப்பர் இறுகிவிட்டால் பூ இருந்தும் பயனில்லை. உங்கள் நண்பர்கள் சொல்கிற அந்த 'பிடி' எங்கேயாவது இருக்கிறது என்றால், அது முதலில் புது டயரில்தான்.

இனி எனக்கு அதிகக் கவலை தருகிற விஷயம், பொடி கிட்.

உப்புவெளி. பெயரிலேயே உப்பு. வருடத்தில் பாதி வாடைக்காற்று கடலிலிருந்து நேரே உப்பை வீட்டுக்குள் கொண்டுவருகிறது, மீதிப் பாதியில் கச்சான் காற்று புழுதியை வாரி அதன்மேல் அப்புகிறது. நாற்பது வருடத்துக்கு மேற்பட்ட ஒரு தகர உடம்பு அங்கே நிற்கிறது. கதவுக்கடியில் நீளமாக ஓடுகிற பெட்டி போன்ற பகுதியை ரொக்கர் பனல் என்போம். மழைத் தண்ணீர் வெளியேற அதன் அடியில் சின்னத் துளைகள் உண்டு. பொடி கிட்டின் பக்கப் பாவாடையை அங்கேதான் ஸ்குரூ அடித்துப் பொருத்துவார்கள். ஒவ்வொரு ஸ்குரூவும் ஒரு புதுத் துளை. பாவாடைக்கும் தகரத்துக்கும் நடுவில் மணலும் உப்பும் தங்கும், ஈரம் காயாது, உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்கும் தெரியாது. இரண்டு மாரி கழித்துக் கழற்றிப் பார்த்தால், பைபர் நல்லாக இருக்கும், அதைப் பிடித்திருந்த தகரம் இருக்காது. ரொக்கர் பனல் அலங்காரமல்ல. பொடியின் முதுகெலும்பில் பாதி அது. அது உளுத்த வண்டிக்கு எந்த ஸ்பிரிங் போட்டாலும் வளைவில் உடம்பே முறுகும், கதவு இடைவெளி மாறும், அலைன்மென்ட் நிற்காது.

ஆகவே பெயின்ட் யோசிப்பதற்கு முன் ஒரு காந்தமும் ஒரு ஸ்குரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி என்கிற நிரப்புப் பசை பிடித்திருக்கிறார்கள். அந்த இடங்களையும், ரொக்கர் பனல், கால் வைக்கிற தளம், டிக்கிக்குள் ஸ்பெயார் டயர் கிடங்கு, போனட்டைத் திறந்தால் தெரிகிற முன் ஸ்ட்ரட்டின் மேல் மூட்டு ஆகியவற்றையும் பிடியால் தட்டிப் பாருங்கள். சத்தம் மங்கினால் ஊன்றிக் குத்துங்கள். உள்ளே போனால் வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்யவேண்டும், மேலே பட்டி பூசி மூடக்கூடாது. ஸ்ட்ரட் மூட்டில் உளுத்திருந்தால் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு அதை முதலில் செய்யுங்கள். முன்சக்கரத்தின் முழுப் பாரமும் அங்கேதான் இருக்கிறது.

அடியில் பழைய எஞ்சின் ஒயில் பூசுகிற வழக்கமும் எங்கள் பக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். துருவுக்கு அது கொஞ்சம் உதவும், ஆனால் மூட்டுகளில் இருக்கிற புஷ் ரப்பர்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். பெட்டிப் பகுதிகளுக்குள் மெழுகு மாதிரியான துருத்தடுப்பை அடிப்பது நல்லது. துருவைச் சுரண்டாமல் அதற்குமேல் அண்டர்கோட் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் அடியைக் கழுவுங்கள், காசு செலவில்லை.

லைட். நீங்கள் வெள்ளை எச்ஐடி கேட்பது அழகுக்கா, வெளிச்சத்துக்கா என்று எழுதவில்லை. வெளிச்சத்துக்கு என்றால் நான் உங்களோடு நிற்கிறேன். கந்தளாயிலிருந்து ஹபரணை வரை இரவில் யானை கடக்கிற ரோட்டில் மங்கின லைட்டோடு ஓடக்கூடாது. யானையின் தோல் வெளிச்சத்தைத் திருப்பித் தராது, கிட்டப் போகும்வரை இருட்டும் அதுவும் ஒன்றுதான். ஆனால் ஹலஜன் பல்புக்கென்று வடித்த கண்ணாடிக்குள் எச்ஐடி போட்டால், ஒளி பிறக்கும் இடம் மாறிவிடுகிறது. அது ரோட்டில் விழாமல் எதிரே வருபவனின் கண்ணில் சிதறும். அவன் கண் கூசி உங்கள் பக்கம் வருவான். பழைய வண்டிகளில் லைட் மங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் பல்பு இல்லை, வயர். நாற்பது வருட வயரும் சுவிட்சும் வோல்ட்டைத் தின்றுவிடுகின்றன. பல்புக்குப் போகிற வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறையும். பற்றரியிலிருந்து புது வயர் இழுத்து, பியூஸ் வைத்து, இரண்டு ரிலே பூட்டி, நல்ல எச்4 ஹலஜன் போடுங்கள். ஒரு நாள் வேலை. வித்தியாசத்தை அன்றிரவே காண்பீர்கள்.

சைலன்சர் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 1290 சிசி எஞ்சினுக்குப் பெரிய குழாய் பலம் தராது, சத்தம் தரும். உங்கள் அம்மா அந்தச் சத்தத்தில் கண்டி வரை போகவேண்டும். விடுங்கள்.

அப்படியென்றால் மூன்றரை இலட்சத்தை எங்கே போடுவது? துரு வேலை முதல். அதில் எவ்வளவு போகும் என்று வண்டியைத் தட்டிப் பார்க்காமல் யாராலும் சொல்லமுடியாது. முன்கூட்டியே விலை சொல்கிறவரை நம்பவேண்டாம். அதற்கு அடுத்தது பிரேக். ஒயிலை முழுவதும் மாற்றுங்கள், அது ஈரத்தைக் குடிக்கிற ஒயில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டியது. முன்சக்கரங்களுக்கும் பின் அச்சுக்கும் போகிற ரப்பர் ஹோஸ்கள் வெடித்திருந்தால் அவையும். பின் டிரம்மைத் திறந்து சிலிண்டர் கசிகிறதா என்று பாருங்கள். பிறகு புஷ்கள்: லோவர் ஆர்ம், பின் நாலு லிங்க், லேட்டரல் ரொட். போல் ஜொயின்ட், டை ரொட் முனைகளையும் ஆட்டிப் பாருங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இவற்றைத் தேடும்போது பழையதைக் கையில் கொண்டுபோய் அளவு ஒப்பிட்டு வாங்குங்கள். அப்புறம் நாலு சொக் அப்சோபர், புது டயர், அலைன்மென்ட். இவ்வளவும் முடிந்ததும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வண்டியை இறக்கினால் வரும் என்று நீங்கள் எதிர்பார்த்த பிடி, ஒரு அங்குலமும் இறக்காமலே வந்திருக்கும். 1982இல் அந்த வண்டி இப்படித்தான் ஓடியிருக்கும். நீங்கள் இதுவரை ஓட்டியது தேய்ந்த ரப்பரை.

அதற்குப் பிறகும் சற்றுத் தாழ்ந்து நின்றால் வடிவாக இருக்கும் என்று தோன்றினால், கேஈ 70க்கென்றே செய்த, 25 முதல் 30 மில்லிமீற்றர் இறக்குகிற ஸ்பிரிங்கை, அதற்கேற்ற சொக் அப்சோபரோடு போடுங்கள். அதற்குமேல் வேண்டாம். இந்த அளவில் அம்மா ஏறி இறங்குவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்குத் தாழ்ந்த சீற்றிலிருந்து எழும்புவதுதான் நரகம், நான் என் வீட்டிலேயே பார்க்கிறேன். அம்மா வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். மேலே கூரையோரம் ஒரு கைபிடி, பின் சீற்றுக்கு நல்ல பெல்ட் இரண்டு என்று உங்கள் பட்டியலில் இல்லாத இரண்டு சாமான்களையும் நான் சேர்க்கிறேன்.

அழகை நான் மறக்கவில்லை. கேஈ 70 பெட்டி உடம்பு. அதன் கோடுகள் நேரானவை, கண்ணாடி பெரியது, தூண்கள் மெல்லியவை. அந்த உடம்புக்கு வீங்கின பம்பரும் பாவாடையும் இரவல் சட்டை மாதிரி இருக்கும். துரு எடுத்த தகரத்தில் தொழிற்சாலையில் வந்த நிறத்தையே மறுபடி அடியுங்கள், குரோம் பம்பரை முலாம் பூசி எடுங்கள், கதவோர ரப்பர்களையும் கண்ணாடி ரப்பர்களையும் புதிதாகப் போடுங்கள், 14 அங்குல ரிம் மட்கார்டுக்கு அளவாக வந்து நிற்கட்டும். உட்துறைமுக வீதியில் மாலை வெயிலில் அந்த வண்டி போனால் யாரும் திரும்பிப் பார்ப்பார்கள். வயதானவர்கள் 'எங்களிடமும் ஒன்று இருந்தது' என்று சொல்லிக்கொண்டு கிட்ட வருவார்கள்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. நிறம் மாற்றினால்கூட மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தைத் திருத்தவேண்டும். பொடியையோ எஞ்சினையோ மாற்றுவதற்கு முன் அனுமதி கேளுங்கள், காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் தேறாமல் வாகன வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

எதைக் கழற்றினாலும் எறியாதீர்கள். பழைய ஸ்பிரிங், பழைய ரிம், பம்பர், மூலைக் கிளிப் வரை. ஒயில் தடவி, சாக்கில் சுற்றி, கடல்காற்று படாத இடத்தில் வையுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறக்கும்வரை, இந்த மாதிரி வண்டிகளுக்கு விலை எப்படி ஏறியது என்று நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அசல் உதிரிகளோடு இருக்கிற வண்டிக்கு வாங்குகிறவன் எப்போதும் உண்டு. நீங்கள் விற்கப்போவதில்லை என்று தெரியும். ஆனாலும் பத்து வருடம் கழித்து உங்கள் மனது மாறினால், திரும்பிப் போக ஒரு வழி இருக்கவேண்டும்.

முதல் வேலையாக நாளைக் காலையில் இதைச் செய்யுங்கள். வண்டியைச் சமமான தரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மட்கார்டு விளிம்பு வரை எத்தனை மில்லிமீற்றர் என்று நாலு பக்கமும் அளந்து எழுதுங்கள். பிறகு அம்மாவைப் பின் சீற்றில் ஏற்றி, டிக்கியில் நீங்கள் கண்டிக்குக் கொண்டுபோகிற பைகளை வைத்து, மறுபடி அளந்து எழுதுங்கள். அந்த எட்டு எண்களும் இல்லாமல் எந்தக் கராஜுக்கும் போகவேண்டாம். அலைன்மென்ட் செய்கிறவரிடமும் அவற்றைக் காட்டி, ஆள் ஏறிய உயரத்தில் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். உங்கள் வண்டி ஓடப்போவது அந்த உயரத்தில்தான்.